கால் ஊன்றினால் மார்க் போச்சு!

திருவையாற்றிலிருந்து வடக்கே கிளம்பி, கொள்ளிடம் பாலத்தைத் தாண்டி, திருமானூரில் மேற்கே திரும்பினால் திருமழபாடி. சுந்தரர் பாடிய தலம். பங்குனியில் இங்கே நந்தியெம்பெருமானுக்குக் கல்யாணம் நடக்கும். மாப்பிள்ளை ஊர் திருவையாறு. 'நந்தி கல்யாணம் பார்த்தால் முந்திக் கல்யாணம்' என்று ஒரு சொலவடை இருப்பதால், ஜாதகத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கும் குடும்பங்களின் கூட்டம் அள்ளும். ராஜராஜ சோழன் இந்தக் கோயிலைப் பிரித்துக் கட்டச் சொன்னபோது, பழைய சுவரில் இருந்த கல்வெட்டுகளை எல்லாம் முதலில் ஏட்டில் எழுதி வைத்துக்கொண்டார்கள். பிறகு மகன் ராஜேந்திரன் காலத்தில் புதுச் சுவரில் அவற்றைத் திரும்பவும் வெட்டி வைத்தார்கள். (ஆவணத்தைப் பத்திரப்படுத்துவதில் நம்மவர்கள் ஒருகாலத்தில் எவ்வளவு கறார் பாருங்கள்!)

ஆனால், இந்த வாரம் நான் பேச வந்தது கோயிலைப் பற்றி அல்ல, ரோட்டைப் பற்றி. ஊர் வரைக்கும் தார் ரோடு. கொள்ளிடக் கரையில் ஏறி அந்தப் பக்கம் இறங்கினால் மணல் (அள்ளியது போக மிச்சம்!). மாட்டு வண்டிக்கு இதில் எந்தச் சிக்கலும் இல்லை. காளை தார் ரோட்டிலும் நடக்கும், மணலிலும் நடக்கும், சேற்றிலும் இறங்கும். சிவபெருமான் வாகனத்தைத் தேர்ந்தெடுத்ததில் விஷயம் இருக்கிறது! மோட்டார் சைக்கிளுக்கு அந்தச் சாமர்த்தியம் பிறவியிலேயே கிடையாது. தாரில் பறக்கும் வண்டி மணலில் இறங்கினால் முன்சக்கரம் புதைந்து, ஓட்டியவர் ஹேண்டில்பாருக்கு மேலாகப் பறப்பார். மணலில் துள்ளும் வண்டி தாரில் ஏறினால் பிரேக் பிடிக்கும்போது வழுக்கும்.

இரண்டுக்கும் ஒரே வண்டி முடியுமா? கேள்வி சின்னதுதான். ஆனால், 100 வருஷத்துக்கு மேலாக உலகம் இதற்காக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறது. சில மண்டைகள் நிஜமாகவே உடைந்தும் இருக்கின்றன.

முதலில், 'டர்ட் பைக்' என்கிறார்களே, அதை ஒருமுறை கிட்டப்போய்ப் பாருங்கள். மோட்டோகிராஸ் பந்தயத்துக்கென்றே செய்த வண்டி. ஹெட்லைட் கிடையாது. ஹாரன் கிடையாது. இண்டிகேட்டர், கண்ணாடி, நம்பர் பிளேட் ஒன்றும் கிடையாது. 450 சி.சி. இன்ஜின் இருந்தும் எடை 110 கிலோவை ஒட்டித்தான் இருக்கும். சீட் நம் இடுப்பு உயரம். இன்ஜினில் ஆயில் ஒரு லிட்டர் சொச்சம். அதை எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது என்று கேட்டால் மெக்கானிக் சிரிப்பார். அங்கே கணக்கு கிலோமீட்டரில் இல்லை, மணியில்! இத்தனை மணி நேரம் ஓடினால் ஆயில், இத்தனை மணி நேரம் ஓடினால் பிஸ்டன்.

டயர்தான் முக்கியம். கட்டை கட்டையாக ரப்பர் துருத்திக்கொண்டிருக்கும். மண்ணில் அந்தக் கட்டைகள் நகம் மாதிரி உள்ளே இறங்கிப் பிடித்துக்கொள்ளும். தார் ரோட்டில் இறங்க வழி இல்லை. டயர் முழுதும் ரோட்டைத் தொடாது. கட்டைகளின் தலைமட்டும்தான் தொடும். வளைவில் வண்டியைச் சாய்த்தால் ஒவ்வொரு கட்டையும் நெளியும். மழை பெய்து ரோடு நனைந்திருந்தால் கேட்கவே வேண்டாம். அரியலூர் பக்கம் சிமென்ட் லாரிகள் ஓடும் ரோட்டில் போய்ப் பாருங்கள். சுண்ணாம்புக்கல் தூசி படிந்து, அதன்மேல் நாலு தூறல் விழுந்தால் சாதாரண டயரே நழுவும். இந்த ரோட்டில் கட்டை டயரோடு, முன்னால் போகும் லாரி திடீரென்று பிரேக் போட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். 'ஸ்டைலாக இருக்கிறது' என்று கட்டை டயர் மாட்டிக்கொண்டு காலேஜுக்குப் போகும் பையன் உங்கள் வீட்டில் இருந்தால், இந்தப் பத்தியை மட்டுமாவது அவனிடம் படித்துக் காட்டுங்கள். இன்னொன்று. மணலில் போவதற்காகச் சக்கரத்தில் காற்றைக் குறைப்பார்கள். டயர் தட்டையாகிப் பரந்து நிற்கும், புதையாது. திரும்ப ரோட்டில் ஏறும்போது காற்றை ஏற்ற மறந்துவிட்டால், டயர் சூடேறிக் கந்தலாகிவிடும்.

சரி, சரித்திரத்துக்கு வருவோம்.

1913-ம் வருடம். இங்கிலாந்தின் வடக்கே கார்லைல் என்ற ஊரில் ஒரு போட்டி ஆரம்பித்தார்கள். பெயர், 'சர்வதேச ஆறு நாள் சோதனை'. பந்தயம் என்று சொல்லவில்லை பாருங்கள், சோதனை! ஆறு நாள், நாளெல்லாம் ஓட்ட வேண்டும். மலைப்பாதை, சேறு, ஓடை எல்லாம் உண்டு. ஆனால், ஒரு சேற்றிலிருந்து அடுத்த சேற்றுக்குப் போவது பொதுஜனங்கள் போகிற சாதாரண ரோட்டில்தான். அதனால் வண்டிக்கு லைட் வேண்டும், நம்பர் பிளேட் வேண்டும், ஹாரன் வேண்டும். காட்டு வண்டி ரோட்டு வண்டியாகவும் இருந்தே தீர வேண்டும் என்று முதலில் கட்டாயப்படுத்தியது இந்த மாதிரி போட்டிகள்தான்.

இதற்குத் தம்பி மாதிரி இன்னொரு விளையாட்டு உண்டு, 'ட்ரையல்ஸ்'. இதில் வேகம் முக்கியமே இல்லை. பாறையும் வழுக்கலுமான ஒரு மேட்டை, காலைத் தரையில் ஊன்றாமல் ஏறிக் காட்ட வேண்டும். கால் ஊன்றினால் மார்க் போச்சு! அவ்வளவுதான் விதி. கேட்பதற்கு ரொம்ப சாது. செய்து பார்த்தால்தான் தெரியும்.

இந்த ட்ரையல்ஸ் உலகத்தில் 1940-களில் ஒரு வேதவாக்கு இருந்தது: பின்சக்கரத்துக்கு ஸ்பிரிங் கூடாது. சக்கரம் சட்டத்தோடு இறுக்கமாக இருந்தால்தான் மண்ணைப் பிடிக்கும் என்று நம்பினார்கள். 1948 பிப்ரவரியில் 'கோல்மோர் கோப்பை' போட்டிக்கு இங்கிலாந்தின் ரெட்டிச் நகரக் கம்பெனி ஒன்று, பின்பக்கம் ஊஞ்சல் மாதிரி ஏறி இறங்கும் சஸ்பென்ஷனோடு புது 350 சி.சி. வண்டிகளைக் கொண்டுவந்தது. நிபுணர்கள் நம்பவில்லை. அதே வருடம் இத்தாலியின் சான் ரெமோவில் ஆறு நாள் சோதனை. அந்த வண்டியை ஓட்டிய சார்லி ரோஜர்ஸ், விக் பிரிட்டன் இருவருக்கும் தங்க மெடல். பிரிட்டிஷ் அணிக்குக் கோப்பை!

அந்த வண்டியின் பெயர் தெரியுமா? புல்லட்! ஆமாம், நம்ம ராயல் என்ஃபீல்ட் புல்லட்தான். பண்ணையார், போலீஸ் இன்ஸ்பெக்டர், கிடா மீசை, தடதட சத்தம் என்று உங்கள் மனதில் ஓடும் அதே புல்லட். பொதுஜனங்களுக்கு 1949-ல்தான் விற்பனைக்கு வந்தது. ஆக, அது சேற்றில் உருண்டு, மலையேறித் தேர்வு எழுதிவிட்டுத்தான் ரோட்டுக்கு வந்தது. விக் பிரிட்டனின் மகன் ஜானி பிரிட்டன் அப்பாவையும் மிஞ்சினார். 1952-ல் ஸ்காட்லாந்து ஆறு நாள் ட்ரையலை அதே 350 புல்லட்டில் ஜெயித்தார். 1957-ல் மறுபடியும்!

இதற்குள் இந்தியாவில் என்ன நடந்தது? சுதந்திரம், பிரிவினை, நீண்ட எல்லை. ரோடு இருக்கும் இடமும் எல்லைதான், இல்லாத இடமும் எல்லைதான். ரோந்து போக ராணுவத்துக்கு மோட்டார் சைக்கிள் வேண்டும். என்ஃபீல்ட் வண்டிகளை இங்கே இறக்குமதி செய்துகொண்டிருந்த 'மெட்ராஸ் மோட்டார்ஸ்' கம்பெனிக்கு 1950-களின் தொடக்கத்தில் ஆர்டர் வந்தது, நூற்றுக்கணக்கில். வண்டி தாக்குப்பிடித்தது, பழுதுபார்ப்பதும் சுலபம். எத்தனை காலம்தான் கப்பலில் வரவழைப்பது? 1955-ல் 'என்ஃபீல்ட் இந்தியா' பிறந்தது. சென்னை திருவொற்றியூரில் தொழிற்சாலை எழும்பியது. 1956-ல் அங்கிருந்து வெளியே வந்த வண்டிகள் 163. பாகங்கள் சீமையிலிருந்து பெட்டி பெட்டியாக வரும், இங்கே பூட்டுவார்கள். 1960-களின் தொடக்கத்தில் பாகங்களையே இங்கே செய்ய ஆரம்பித்துவிட்டார்கள்.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. ரெட்டிச் தொழிற்சாலை 1967-ல் மூடப்பட்டது. 1970-ல் இங்கிலாந்தில் அந்தக் கம்பெனியே முடிந்தது. அம்மா போன பிறகும் பிள்ளை திருவொற்றியூரில் அதே பழைய டிசைனில் 'தடதட'வென்று ஓடிக்கொண்டிருந்தது. 1977-ல் சென்னையிலிருந்து புல்லட்டை இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்தார்கள். கொல்லன் தெருவில் ஊசி விற்பது இதுதான்! ஆனால், இந்த நீண்ட வாழ்க்கையில் புல்லட் தன் பூர்வீகத்தை மறந்துவிட்டது. மலையேறிய வண்டி என்பதே போய், கௌரவ வண்டி ஆகிவிட்டது. கல்யாண ஊர்வலத்தில் முன்னால் போகும் வண்டி ஆகிவிட்டது.

அப்படியானால் வரப்பிலும் வண்டிப்பாதையிலும் ஓடியது எது? வடக்கே ராஜ்தூத். எஸ்கார்ட்ஸ் கம்பெனி 1962-ல் கொண்டுவந்த 175 சி.சி. டூ ஸ்ட்ரோக். மூலம், போலந்து நாட்டு 'எஸ்.ஹெச்.எல்' வண்டி. இரண்டு பக்கமும் பால்கேன் கட்டிக்கொண்டு குண்டும் குழியுமான கிராமப் பாதையில் பால்காரர்கள் ஓட்டியே அந்த வண்டிக்குப் பெயர் வந்தது. விளம்பரத்துக்கு தர்மேந்திரா. சும்மா சொல்லக்கூடாது, பொருத்தமான ஆள்!

நம் பக்கம்? சிரிக்காதீர்கள், டி.வி.எஸ். 50! 1980-ல் ஓசூரிலிருந்து வந்த குட்டி மொபெட். பிறகு எக்ஸ்.எல். பின்னால் புல்லுக்கட்டு, முன்னால் உரமூட்டை, நடுவில் ஒரு மனிதர் என்று டெல்டா முழுக்க வரப்பிலும் ஆற்றங்கரையிலும் ஓடும் வண்டி. முன்சக்கரம் 21 இஞ்ச் கிடையாது, நீண்ட சஸ்பென்ஷன் கிடையாது. ஆனால், பெரிய பெரிய கம்பெனிகள் கோடிகளைக் கொட்டித் தேடும் முக்கியமான ஒரு சங்கதி அதில் இருக்கிறது. எடை! இன்றைய எக்ஸ்.எல். 90 கிலோகூட இல்லை. மணலில் சிக்கினால் இறங்கி, பின்பக்கத்தைத் தூக்கி நகர்த்தி வைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். 200 கிலோ அட்வென்ச்சர் பைக்கை அப்படித் தூக்க நாலு பேரைக் கூப்பிட வேண்டும். என்னைக் கேட்டால், காளைக்குப் பிறகு கொள்ளிடக் கரையின் அசல் வாரிசு இந்த மொபெட்தான்.

அமெரிக்கா பக்கம் கொஞ்சம் போய்வருவோம். 1950-களில் கலிஃபோர்னியா பாலைவனத்தில் பையன்கள் டிரையம்ஃப் ரோடு பைக்கை வாங்கி, தேவையில்லாததை எல்லாம் கழற்றி எறிந்துவிட்டு மணலில் விரட்டுவார்கள். 'த கிரேட் எஸ்கேப்' படத்தில் முள்வேலியைத் தாண்டி ஒரு மோட்டார் சைக்கிள் பறக்குமே, ஞாபகம் இருக்கிறதா? ஹீரோ ஸ்டீவ் மெக்வீன். ஆனால் அந்தத் தாவலைச் செய்தவர் அவருடைய நண்பர் பட் ஈகின்ஸ். 1964-ல் இருவரும் அமெரிக்க அணியில் சேர்ந்து கிழக்கு ஜெர்மனியின் எர்ஃபர்ட் நகரில் நடந்த ஆறு நாள் சோதனைக்குப் போனார்கள். ஈகின்ஸுக்குக் கால் முறிந்தது. மெக்வீனாலும் முடிக்க முடியவில்லை. சினிமா வேறு, சேறு வேறு!

பட் ஈகின்ஸின் தம்பி டேவ். 1962-ல் ஹோண்டா கம்பெனிக்கு ஒரு விளம்பரம் தேவைப்பட்டது. தங்கள் 250 சி.சி. 'ஸ்க்ராம்ப்ளர்' வண்டி எவ்வளவு கெட்டி என்று காட்ட வேண்டும். டேவ் ஈகின்ஸும் பில் ராபர்ட்சன் என்ற இளைஞரும் மெக்ஸிகோவின் டிஹுவானாவில் புறப்பட்டார்கள். பாஹா தீபகற்பத்தின் தென்கோடிக்கு அருகே லா பாஸ் நகரம் இலக்கு. சுமார் 1,500 கிலோமீட்டர், பெரும்பகுதிக்கு ரோடே கிடையாது. நேரத்துக்கு யார் சாட்சி? தந்தி ஆபீஸ்தான்! புறப்படும்போது ஒரு தந்தி, போய்ச் சேர்ந்ததும் ஒரு தந்தி. டேவ் 40 மணி நேரத்துக்குச் சற்று முன்னதாகவே லா பாஸில் தந்தி கொடுத்துவிட்டார்.

அமெரிக்கர்களுக்கு ஆசை வந்துவிட்டது. வார நாளில் ஆபீஸுக்கு, ஞாயிற்றுக்கிழமை காட்டுக்கு, இரண்டுக்கும் ஒரே வண்டி வேண்டும். ரோடு பைக்குக்குக் காட்டு வேஷம் போடாமல், காட்டு வண்டியாகவே செய்து அதற்கு லைட் மாட்டினால் என்ன? 1968-ல் யமஹா அதைச் செய்தது. டிடி-1. 250 சி.சி. டூ ஸ்ட்ரோக், லேசான வண்டி, நீண்ட சஸ்பென்ஷன், நம்பர் பிளேட் வாங்கலாம். வந்த வேகத்தில் விற்றுத் தீர்ந்தது. இன்று 'டூயல் ஸ்போர்ட்' என்று சொல்லும் ஜாதிக்கு அதுதான் குலமுதல்வன்.

1977-ல் தியரி சபின் என்ற ஃபிரெஞ்சுக்காரர் ஒரு ராலியில் ஓட்டும்போது லிபியப் பாலைவனத்தில் வழி தவறினார். உயிரோடு மீட்டதே பெரிய விஷயம். நாமாக இருந்தால் வீட்டுக்கு வந்து குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்துவிட்டு அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டோம். அவர் என்ன செய்தார்? மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு அங்கே போனார்! 1978 டிசம்பர் 26-ம் தேதி பாரிஸில் கிளம்பி, சகாராவைக் கடந்து, ஆப்பிரிக்காவின் மேற்குக் கோடியில் டாக்கர் வரை முதல் ராலி. மோட்டார் சைக்கிளில் ஜெயித்தவர் சிரில் நெவு. வண்டி யமஹா எக்ஸ்.டி. 500, கடையில் விற்கும் டூயல் ஸ்போர்ட்தான். 1980-ல் பி.எம்.டபிள்யூ. ஒரு பெரிய வண்டி விட்டது. பெயரில் இருந்த ஜி, எஸ் என்ற இரண்டு எழுத்துகளுக்கு ஜெர்மன் மொழியில் 'கரடுமுரடு நிலம்', 'ரோடு' என்று அர்த்தம். அடுத்த வருடமே டாக்கரை ஜெயித்தது. சபின் 1986-ல் அதே ராலியின்போது, மாலி நாட்டில் ஹெலிகாப்டர் விழுந்து இறந்துபோனார். மணல் கணக்கை மறப்பதில்லை.

இந்தியாவுக்குத் திரும்புவோம். 1980-களின் நடுவில் ஜப்பான் கூட்டோடு 100 சி.சி. வண்டிகள் வந்து இறங்கின. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதுதான் அப்போது தேசத்தின் ஒரே கேள்வி. மண்பாதை நிறைந்த நாட்டில், மண்பாதைக்கென்று வண்டி விற்பது அபூர்வம்! 2000 டிசம்பரில் மத்திய அரசு பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தை ஆரம்பித்தது. குக்கிராமங்களுக்கும் தார் போய்ச் சேர ஆரம்பித்தது. (தமிழ்நாடு அதற்கு முன்பே இதில் தேவலை.) தார் வந்து, மண்பாதை குறையக் குறைய, மண்பாதை வண்டிகள் வருகின்றன. எப்படி இருக்கிறது கதை? தேவை இருந்தவனிடம் காசு இல்லை. காசு வந்தவனுக்கு அது தேவை இல்லை, ஆசை!

2011-ல் ஹோண்டாவைப் பிரிந்த ஹீரோ கம்பெனி, தன் சொந்தப் பெயரில் விட்ட முதல் வண்டிகளில் ஒன்று 'இம்பல்ஸ்'. 150 சி.சி., உயரமான சீட், நீண்ட சஸ்பென்ஷன், எடை 134 கிலோ. பிரேசில் கிராமங்களில் ஹோண்டா வெற்றிகரமாக விற்ற 'ப்ராஸ்' வண்டியின் உறவு. பிரேசில் விவசாயிக்கு அது வேலை செய்யும் வண்டி. நம் ஊரில் ஷோரூமுக்கு வந்தவர்கள் சீட்டின் உயரத்தைப் பார்த்தார்கள், 'மைலேஜ் என்ன?' என்றார்கள், பக்கத்தில் இருந்த வண்டியை புக் பண்ணிவிட்டுப் போனார்கள். சில வருடங்களில் இம்பல்ஸ் நின்றுபோனது. பாவம், அஞ்சு வருஷம் முன்கூட்டியே வந்துவிட்டது.

2016-ல் ராயல் என்ஃபீல்ட் 'ஹிமாலயன்' விட்டது. 411 சி.சி., முன்னால் 21 இஞ்ச் சக்கரம், தரையிலிருந்து 220 மில்லிமீட்டர் இடைவெளி. பெரிய சக்கரம் எதற்கு என்றால், சின்னச் சக்கரம் குழிக்குள் விழும், பெரிய சக்கரம் குழியைத் தாண்டும். மாட்டு வண்டிச் சக்கரம் ஏன் அவ்வளவு பெரிது என்று இப்போது புரிகிறதா? சான் ரெமோவில் மெடல் வாங்கிய புல்லட்டின் வம்சம், 68 வருஷம் கழித்துச் சென்னைப் பக்கத்திலிருந்து மறுபடி மலைக்குக் கிளம்பியது. 2019-ல் ஹீரோ, 'எக்ஸ்பல்ஸ் 200' என்று திரும்பி வந்தது. இந்த முறை வாங்க ஆள் இருந்தார்கள். டாக்கரிலும் நம்மவர்கள். 2015-ல் சி.எஸ்.சந்தோஷ் அதை முடித்த முதல் இந்தியர், 36-வது இடம். 2024-ல் ஓசூர் டி.வி.எஸ். கூட்டணியின் வண்டியை ஓட்டிய கேரளத்துக்காரர் ஹரித் நோவா 11-வது இடத்துக்கு வந்து, 'ராலி 2' பிரிவில் முதலிடம் பிடித்தார். இதற்கு விலையும் உண்டு. ஹீரோ அணியின் போர்ச்சுகல் வீரர் பாலோ கொன்சால்வஸ் 2020 டாக்கரில் உயிரிழந்தார். சந்தோஷ் 2021-ல் விழுந்து, தலையில் அடிபட்டு, பிழைத்து வந்தார்.

இதெல்லாம் ரோட்டில் ஓட்ட அனுமதி பெற்றே பிறந்த வண்டிகள். அசல் மோட்டோகிராஸ் வண்டியை வாங்கி, லைட்டும் ஹாரனும் மாட்டி ரோட்டில் விடலாமா? அமெரிக்காவின் சில மாநிலங்களில் அப்படி மாற்றி, சோதனை காட்டி நம்பர் வாங்க வழி உண்டு. இங்கே வழி இல்லை. 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி பதிவு இல்லாத வண்டி பொதுச்சாலையில் சக்கரம் வைக்கக்கூடாது. அந்த மாடலுக்கு முன்கூட்டியே அரசு அங்கீகாரம் இல்லையென்றால் பதிவும் கிடையாது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட், கம்பெனி கொடுத்த அசல் அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. கேரளத்திலிருந்து போன வழக்கு அது. கோர்ட்டின் கவலை பாதுகாப்பு. நியாயம்தான். காட்டு வண்டியின் பிரேக்கும் டயரும் ரோட்டுக்காகச் செய்ததில்லை என்று மேலே பார்த்தோமே.

அதனால், இங்கே மோட்டோகிராஸ் வண்டி வைத்திருப்பவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் என்ன செய்கிறார் தெரியுமா? பாறை, சேறு, மணல் என்று உலகில் எதிலும் ஏறக்கூடிய அந்த வண்டியை, இரண்டு பேர் பிடித்து, குட்டியானையில் ஏற்றி, நாலு பக்கமும் கயிறு போட்டுக் கட்டுகிறார்கள். ஊருக்கு வெளியே இருக்கும் மண் டிராக் வரைக்கும் அது லாரிப் பயணி. தன் வீட்டு வாசலில் இருக்கும் ரோட்டில் மட்டும் அதற்கு ஓட அனுமதி இல்லை.